ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் போதுமா? குமரி கிராமங்களுக்கு ஃபைபர் வந்தாச்சு, அப்டேட்டை யார் போடுவது?

“நெட் போச்சு, சாயங்காலம் வாங்க.”

பஞ்சாயத்து ஆபீஸ், இ-சேவை மையம், கூட்டுறவு வங்கி, காலேஜ் ஃபீஸ் கவுன்ட்டர்... குமரி மாவட்டத்தில் இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்காதவர் இருக்க மாட்டார். அடுத்து நடப்பதும் தெரிந்ததுதான். யாராவது ஒருவர் மூலையில் சுவரில் மாட்டியிருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து, பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணிவிட்டு மறுபடி சொருகுவார். பச்சை விளக்குகள் சிமிட்டும். “வந்துட்டு” என்பார். பாதி நேரம் நிஜமாகவே வந்துவிடும்.

பாதி நேரம் வந்துவிடுவதுதான் சிக்கலே. எதனால் போனது, எதனால் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த வாரம் மறுபடி போகும், மறுபடி பிளக். இப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டால், “இங்க நெட்டு அப்படித்தான்” என்பது ஊர் வழக்கமாகிவிடுகிறது.

அந்தப் பெட்டிக்குள் இருப்பதை நெட்வொர்க் ஸ்விட்ச் என்பார்கள். ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டர், பிரின்டர், சிசிடிவி கேமரா, வைஃபை எல்லாம் கேபிள் வழியாக வந்து சேரும் சந்திப்பு அது. பெரும்பாலானவர்கள் இதை ஒரு மின்சார எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரிதான் நினைக்கிறார்கள்: சொருகினால் வேலை செய்யும், அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் 800 ரூபாய் ஸ்விட்சுக்கு அது கிட்டத்தட்ட சரி. அலுவலகங்களில் இருக்கும் ‘மேனேஜ்டு’ ஸ்விட்ச் அப்படியில்லை. அது ஒரு கம்ப்யூட்டர். அதற்கு பிராசஸர் உண்டு, மெமரி உண்டு, தனி ஆபரேட்டிங் சிஸ்டமும் உண்டு. சிஸ்கோவில் அதன் பெயர் ஐஓஎஸ் (ஐபோனில் இருப்பது வேறு, பெயர் மட்டும்தான் ஒன்று), ஜூனிப்பரில் ஜூனோஸ், அரிஸ்டாவில் ஈஓஎஸ். ஃபைபர் இணைப்புகளில் வரும் ரவுட்டருக்கும் இதே கதைதான்.

உங்கள் போன் அப்டேட் கேட்டு நச்சரிக்கும். தள்ளிப்போட்டால் ராத்திரி தானாகவே போட்டுக்கொள்ளும். இந்தப் பெட்டி எதுவும் கேட்காது. வாங்கிய நாளில் என்ன சாஃப்ட்வேர் இருந்ததோ, அதே சாஃப்ட்வேரோடு ஏழெட்டு வருடம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

முத்தலக்குறிச்சியில் தொடங்கியது

இது ஏன் இப்போது குமரி மாவட்டத்துக்கு முக்கியம்? தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழை கேபிளால் இணைக்கும் பாரத்நெட் இரண்டாம் கட்டப் பணி, 2022 ஜூனில் தக்கலை பக்கத்தில் உள்ள முத்தலக்குறிச்சி ஊராட்சியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. மாநிலத்தின் தென்கோடியில் இருந்து ஆரம்பம் என்பதில் மாவட்டத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. டான்ஃபிநெட் எனப்படும் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் செயல்படுத்தும் இந்தத் திட்டத்தில், கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவும் மீதி தரைக்கு அடியிலும் போகிறது. ஒவ்வொரு ஊராட்சியிலும் சேவை மையத்திலோ வேறு அரசுக் கட்டடத்திலோ ஒரு ரேக், ஒரு யூபிஎஸ், ஒரு ரவுட்டர் வைப்பது திட்டம்.

குமரியில் 95 கிராம ஊராட்சிகள். (பேரூராட்சிகள் நிறைய இருக்கும் மாவட்டம் என்பதால் ‘கிராமம்’ என்ற கணக்கு இங்கே எப்போதும் சின்னதாகத்தான் தெரியும்.) மேல்புறம் முதல் அகஸ்தீஸ்வரம் வரை 9 ஒன்றியங்களில் இந்தப் பெட்டிகள் பரவியிருக்கப் போகின்றன. இவ்வளவு பெரிய நெட்வொர்க்கின் முதுகெலும்பை ஒரு மையக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கவனிப்பது தொழிலில் வழக்கம். கவலை அதற்கு அப்புறம் இருக்கும் பகுதியைப் பற்றியது. ஃபைபர் வந்து நிற்கும் கட்டடத்துக்குள், அங்கிருந்து பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், மீனவர் கூட்டுறவுச் சங்கம் என்று பிரியும் இடங்களில் யாரோ வாங்கி, யாரோ மாட்டி, யாரும் கவனிக்காத ஸ்விட்ச்கள் இருக்கும். அந்த ஸ்விட்சின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்டேட் செய்வது யாருடைய வேலை என்று கேட்டால் வரும் பதில், “சப்ளை பண்ணின கம்பெனிதானே?” கம்பெனியிடம் கேட்டால், “வாரன்ட்டி முடிஞ்சாச்சே சார்.”

பிளக்கைப் பிடுங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

ஸ்விட்சில் செட்டிங்ஸ் இரண்டு பிரதிகளாக இருக்கும். இப்போது ஓடிக்கொண்டிருப்பது ‘ரன்னிங் கான்ஃபிக்’. கரண்ட் போய் வந்தால் எதை வைத்து எழுந்திருக்க வேண்டுமோ அது ‘ஸ்டார்ட்அப் கான்ஃபிக்’. சிஸ்கோவின் பாரம்பரிய ஸ்விட்ச்களில் ஒரு மாற்றத்தைச் செய்த நொடியே அது அமலுக்கு வந்துவிடும். ஆனால் ‘ரைட் மெமரி’ என்று தனியாக ஒரு கட்டளை கொடுத்தால்தான் அது நிரந்தரமாகப் பதியும்.

ஒரு உதாரணம். மார்ச் மாதம் வந்த டெக்னீஷியன் சிசிடிவி கேமராக்களுக்குத் தனி விலேன் போட்டுக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். கேமரா ஓடியது, அவரும் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். சேவ் பண்ணவில்லை. நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. ஆடிச் சாரலில் ஒரு மத்தியானம் கரண்ட் போகிறது, பேட்டரி செத்த யூபிஎஸ் கை விரிக்கிறது. திரும்ப எழுந்த ஸ்விட்சுக்கு மார்ச் மாதம் நடந்த எதுவுமே ஞாபகம் இல்லை. “நேத்து வரை ஓடிச்சே, யாரும் தொடலியே” என்று ஆபீஸில் சத்தியம் செய்வார்கள். அவர்கள் சொல்வது உண்மை. யாரும் தொடவில்லை.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் இது. மழை, காற்று, இடி எல்லாம் மின்கம்பியில்தான் முதலில் தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஓக்கி புயல் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே மின்கம்பங்களை நம்பித்தான் இப்போது ஃபைபரும் போகிறது. ஆக, கரண்ட் போய் வருவதை ‘எப்போதாவது நடக்கும் விபத்து’ என்று இங்கே ஒதுக்க முடியாது. அது சீசன். சேவ் செய்யாத கான்ஃபிகரேஷன், சீசன் வந்ததும் காணாமல் போகும். இது தவிர்க்கக்கூடிய அவுட்டேஜ். தவிர்க்க ஆகும் நேரம் ஐந்து விநாடி.

ரீபூட் அழித்துவிட்டுப் போகும் இன்னொரு விஷயம், லாக். ஸ்விட்ச் தனக்கு நடப்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளும்: எந்த போர்ட் எத்தனை மணிக்கு விழுந்தது, ஃபேன் நின்றதா, யார் லாகின் செய்தார்கள், எத்தனை தடவை பாஸ்வேர்டு தப்பாகப் போட்டார்கள். வெளியே ஒரு லாக் சர்வருக்கு அனுப்பாவிட்டால், இந்தக் குறிப்பெல்லாம் பெரும்பாலும் மெமரியில்தான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கியதும் போச்சு. போலீஸ் வருவதற்கு முன்பே திருட்டு நடந்த வீட்டைக் கழுவிவிட்ட மாதிரி.

நேரக் கணக்கும் உண்டு. சிஸ்கோவின் பல பழைய கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்களில் பேட்டரி கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு தடவை ரீபூட் ஆகும்போதும் அவற்றுக்கு அன்றைய தேதி 1993 மார்ச் 1. என்டிபி என்ற நேர ஒத்திசைவை அமைத்தால் சரியாகிவிடும். அமைக்காத இடத்தில் போய் லாக் எடுத்துப் பார்த்தால், நேற்று ராத்திரி நடந்த கோளாறு 1993-ல் நடந்ததாக எழுதியிருக்கும். சிரிப்பு வரும், ஆனால் விஷயம் சீரியஸ். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவு, நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் கருவிகளின் கடிகாரத்தைச் சரியான நேரத்தோடு இணைக்க வேண்டும், லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும், இணையத் தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்கிறது. 1993-ல் வாழும் ஸ்விட்சை வைத்துக்கொண்டு இதில் எதைச் செய்ய முடியும்?

ரீபூட்டே கூடாது என்பதல்ல. சில நேரம் அதுதான் மருந்து. 2017 மார்ச்சில் சிஸ்கோவே தன் ஃபயர்வால் கருவிகள் சிலவற்றுக்கு ஒரு எச்சரிக்கை விட்டது: தொடர்ந்து 213 நாள் ஓடினால் டிராஃபிக்கை அனுப்புவதையே நிறுத்திவிடும், அதற்குள் ரீபூட் செய்யுங்கள் என்று. “எங்க ஸ்விட்ச் நாலு வருஷமா ஆஃப் ஆனதே இல்ல” என்று பெருமைப்படுபவர்கள் யோசிக்க வேண்டிய கதை. நாலு வருடம் ஆஃப் ஆகவில்லை என்றால், பெரும்பாலும் நாலு வருடமாக அப்டேட்டும் போடவில்லை என்று அர்த்தம். ஆனால் பிளக்கைத் தொடுவதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழிக்கலாம். எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று போனில் ஒரு போட்டோ. லாகின் தெரிந்தவர் இருந்தால் ‘ஷோ வெர்ஷன்’, ‘ஷோ லாகிங்’, ‘ஷோ இன்டர்ஃபேசஸ்’ என்ற மூன்று கட்டளைகளின் பதிலைக் காப்பி செய்து, டெக்னீஷியனுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடலாம். அடுத்த தடவை கோளாறு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கும்.

ஏழு வருடப் பழைய ஓட்டை

“நம்ம ஊர் ஸ்விட்ச்சை யாருப்பா ஹேக் பண்ணப் போறான்?” அப்டேட் பேச்சை எடுத்தால் வரும் முதல் கேள்வி இது.

2018 மார்ச் 28-ல் சிஸ்கோ ஒரு பாதுகாப்பு ஓட்டையை அறிவித்தது. புது ஸ்விட்சை எளிதாக நிறுவ உதவும் ‘ஸ்மார்ட் இன்ஸ்டால்’ என்ற வசதியில் இருந்த குறை அது. சிவிஇ-2018-0171 என்பது அதன் எண். பாஸ்வேர்டே இல்லாமல் வெளியிலிருந்து ஸ்விட்சை முடக்கலாம், கைப்பற்றலாம். சரிசெய்யும் அப்டேட்டும் அன்றே வந்துவிட்டது. பத்து நாள்கூட ஆகவில்லை, ஏப்ரல் 6-ம் தேதி ஈரானிலும் ரஷ்யாவிலும் ஸ்மார்ட் இன்ஸ்டால் திறந்து கிடந்த ஸ்விட்ச்கள் வரிசையாக விழுந்தன. செட்டிங்ஸ் அழிக்கப்பட்டு, அமெரிக்கக் கொடியின் படமும் “எங்கள் தேர்தலில் தலையிடாதே” என்ற எச்சரிக்கையும் வந்தன. ஈரான் அரசின் கணக்குப்படி உலகம் முழுக்கச் சுமார் 2 லட்சம் கருவிகள் பாதிக்கப்பட்டன. தேடித் தேடி யாரும் அடிக்கவில்லை. திறந்து கிடக்கும் பெட்டியை ஒரு புரோகிராம் கண்டுபிடித்தது, அடித்தது. அதற்கு ஊர் பெயர் தெரிய வேண்டியதில்லை.

அதிர்ச்சி அதில்கூட இல்லை. 2025 ஆகஸ்ட் 20-ல் அமெரிக்காவின் எஃப்பிஐ ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. ரஷ்ய உளவு அமைப்பான எஃப்எஸ்பி-யின் ஒரு பிரிவு, அதே 2018 ஓட்டையைப் பயன்படுத்தி ஆயிரக்கணக்கான நெட்வொர்க் கருவிகளின் கான்ஃபிகரேஷன் ஃபைல்களை எடுத்திருக்கிறது. அப்டேட் வந்து ஏழு வருடம் கழித்து! பணக்கார நாடுகளின் முக்கியமான நிறுவனங்களிலேயே அப்டேட் போடாத பெட்டிகள் அவ்வளவு கிடந்தன. அந்த வசதி தேவையில்லை என்றால் ‘நோ விஸ்டாக்’ என்ற ஒரே வரிக் கட்டளையில் அணைத்திருக்கலாம்.

பணம் இல்லை என்ற சமாதானமும் முழுசாகச் செல்லாது. புது வசதிகள் கொண்ட வெர்ஷனுக்கு சப்போர்ட் ஒப்பந்தம் வேண்டும் என்பது நிஜம். ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளைப் பொறுத்தவரை, ஒப்பந்தம் இல்லாத வாடிக்கையாளரும் கேட்டுப் பெறலாம் என்று சிஸ்கோ தன் அறிவிப்புகளிலேயே எழுதுகிறது. கேட்க ஒரு ஆள் வேண்டும். சீரியல் நம்பர் எழுதி வைத்த ஒரு நோட்டு வேண்டும்.

அப்டேட் போட்டா போயிடுமே?

இந்தப் பயத்தை மட்டும் கிண்டல் செய்ய முடியாது. நியாயமான பயம் அது. 2022 ஜூலை 8-ல் கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனம் தன் நெட்வொர்க்கை மேம்படுத்தும் பணியில், ஒரு ரவுட்டரிலிருந்து ஒரு வடிகட்டி விதியை நீக்கியது. தகவல் வெள்ளம் மைய ரவுட்டர்களை மூழ்கடித்தது. 1.2 கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு போனும் இல்லை, நெட்டும் இல்லை, சுமார் 26 மணி நேரம். அவசர உதவி எண்ணான 911-ஐக்கூட பலரால் கூப்பிட முடியவில்லை. சரிசெய்ய வேண்டிய இன்ஜினீயர்களும் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். கருவிகளை நிர்வகிக்கும் பாதையும் அதே நெட்வொர்க் வழியாகத்தான் போனது, அவர்கள் கையில் இருந்த போனும் அதே கம்பெனி சிம்தான்.

அதனால் “போடு அப்டேட்டை” என்று மட்டும் சொல்வது அரைகுறை ஆலோசனை. எப்படிப் போடுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. இப்போதைய கான்ஃபிகரேஷனை முதலில் வேறொரு இடத்தில் பேக்கப் எடுக்க வேண்டும். டவுன்லோடு செய்த ஃபைலின் ஹாஷ் எண், கம்பெனி வெளியிட்டதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஃபைலை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு நேரம் குறித்து, முதலில் ஒரே ஒரு ஸ்விட்சில் போட்டுப் பார்த்து, ஒரு வாரம் கழித்து மற்றவற்றுக்குப் போக வேண்டும்.

தூரத்தில் இருந்து வேலை செய்பவர்களுக்கென்றே இரண்டு அருமையான ஏற்பாடுகள் உண்டு. ஜூனிப்பரில் ‘கமிட் கன்ஃபர்ம்டு’ என்று கொடுத்து ஒரு மாற்றத்தைச் செய்தால், 10 நிமிடத்துக்குள் “சரி, ஓகே” என்று மறுபடி உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கருவி தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சிஸ்கோவில் மாற்றம் செய்யும் முன் ‘ரீலோட் இன் 10’ என்று டைமர் வைப்பார்கள். எல்லாம் நன்றாக நடந்தால் டைமரை ரத்து செய்து சேவ் பண்ணுவார்கள். தப்பாகிப்போய் தொடர்பு அறுந்தால், ஸ்விட்ச் ரீபூட் ஆகி சேவ் செய்த பழைய செட்டிங்கோடு எழும். மேலே சபித்த அதே மறதி, இங்கே உயிர்காக்கும் கயிறு. நாகர்கோவிலில் உட்கார்ந்து பேச்சிப்பாறையில் இருக்கும் ஒரு ஸ்விட்சில் தப்பான கட்டளை கொடுத்துவிட்டால், இந்த டைமர் இருந்தால் 10 நிமிடக் காத்திருப்பு. இல்லாவிட்டால் லேப்டாப், கன்சோல் கேபிளோடு 40 கி.மீ. மலைப்பாதையில் வண்டி.

இன்னொரு கோளாறையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதற்கு ஹேக்கரும் வேண்டாம், அப்டேட்டும் வேண்டாம். சும்மா கிடக்கிற கேபிளின் இரண்டு முனையையும் யாராவது ஒரே ஸ்விட்சில் சொருகிவிட்டால் போதும். தகவல் அந்த வளையத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பெருகி, மொத்த ஆபீஸும் நிற்கும். இதைத் தடுக்கத்தான் 1985-ல் ரேடியா பெர்ல்மன் ‘ஸ்பானிங் ட்ரீ’ முறையை உருவாக்கினார். வளையத்தைக் கண்டுபிடித்து ஒரு பாதையை அது தானாக அடைத்துவிடும். அதற்கும் எல்லை உண்டு. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீகனஸ் மருத்துவமனையில், வருடக்கணக்கில் திட்டமில்லாமல் ஸ்விட்சுக்குப் பின்னால் ஸ்விட்சாகச் சேர்த்துக்கொண்டே போன நெட்வொர்க் அந்த எல்லையைத் தாண்டி, சுமார் நான்கு நாள் நிலைகுலைந்தது. லேப் ரிசல்ட், மருந்துச் சீட்டு எல்லாம் காகிதத்துக்குத் திரும்பின. எழுதிப் பழக்கமே இல்லாத இளம் டாக்டர்களுக்குப் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ‘இங்க ஒரு போர்ட் பத்தல, இன்னொரு ஸ்விட்ச் வாங்கிப் போடு’ என்ற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

டெண்டரில் இல்லாத வரி

இதில் எதுவும் ராக்கெட் சயின்ஸ் அல்ல. குமரி மாவட்டத்துக்கு ஆள் பஞ்சமும் இல்லை. கோணத்தில் அரசு பாலிடெக்னிக், ஐடிஐ, அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி என்று அடுத்தடுத்து இருக்கின்றன. படித்து முடித்தவர்கள் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய், யாரோ ஒருவருடைய ஸ்விட்சுக்கு ராத்திரி ஷிஃப்டில் அப்டேட் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் இருக்கும் ஸ்விட்ச் 1993-லேயே நிற்கிறது.

காரணம் வாங்கும் முறை. பெட்டி வாங்குவது மூலதனச் செலவு. அதற்குத் திறப்பு விழா உண்டு, போட்டோ உண்டு. பராமரிப்பு வருடா வருடம் வரும் செலவு. அதற்கு எதுவும் இல்லை. வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும் இடங்களிலும், பொதுவாக அதில் எழுதியிருப்பது “பழுதானால் வந்து பார்க்க வேண்டும்” என்பதுதான். ஸ்விட்ச் பழுதாகாமல் ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தக் கம்பெனிக்கு வேலையே இல்லை. ஓட்டை நிறைந்த சாஃப்ட்வேர், ஒப்பந்தத்தின் மொழியில், பழுது அல்ல.

மாற்ற வேண்டியது அந்த மொழியைத்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு கருவியின் சாஃப்ட்வேர் வெர்ஷனும் பட்டியலாகத் தரப்பட வேண்டும், அதில் தெரிந்த ஓட்டை உள்ளவை எவை என்று குறிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கான்ஃபிகரேஷன் பேக்கப் அலுவலகத்தின் கையில் இருக்க வேண்டும், கம்பெனிக்காரரின் லேப்டாப்பில் அல்ல. தொழிற்சாலையில் இருந்து வந்த பாஸ்வேர்டு மாற்றப்பட்டதா, என்டிபி ஓடுகிறதா, லாக் எங்கே போகிறது என்று பில் பாஸ் பண்ணுவதற்கு முன் ஒரு கையெழுத்து கேட்கப்பட வேண்டும். தயாரிப்பாளர் சப்போர்ட்டை நிறுத்தப் போகும் தேதி, வாங்கும் அன்றே கோப்பில் ஏற வேண்டும். அந்தத் தேதிக்கு ஒரு வருடம் முன்பே மாற்றுக் கருவிக்குப் பணம் ஒதுக்க வேண்டும். நாலைந்து ஒன்றியங்களுக்குச் சேர்த்து இரண்டு டிப்ளமோ படித்தவர்களை இதற்கென்றே நியமித்தால், பைக்கில் சுற்றி வந்தே கவனித்துவிடலாம்.

புதிதாகப் போடப்படும் ஒவ்வொரு இணைப்புக்கும் இந்த வரிகளை இப்போதே எழுதுவது சுலபம். இரண்டாவது பருவமழைக்குப் பிறகு, யார் வாங்கியது என்றே தெரியாத பெட்டியின் பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டு, மூணு கம்பெனிக்கு போன் போடும்போது எழுத முடியாது.